தாழிமேட்டுக் கற்கள்

பதினோரு கற்களில் பத்து இறங்கும்வரை எல்லம்மாளுக்கு எதுவும் தோன்றவில்லை. கடலைப் பார்த்த புல்தரையில் சுண்ணாம்புத் தூளால் பெரிய வட்டம் போட்டிருந்தார்கள். கிரேன் ஒவ்வொரு கல்லாகத் தூக்கிவந்து அந்த வட்டத்தின்மேல் நட்டுக்கொண்டிருந்தது. லாரிச் சக்கரம் ஏறிப் பிய்ந்துபோன புல்லை வாரிக் கூடையில் போடுவது அவள் வேலை. பதினோராவது கல் குட்டை, இடுப்பளவுதான் இருக்கும். அதைக் கொண்டுவந்து வட்டத்துக்கு நட்டநடுவில் வைத்தார்கள். அதன் தலையில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு குழி. குழிக்குள் அழுக்கு மஞ்சளாக ஏதோ ஒட்டியிருந்தது.

எல்லம்மாள் கூடையை வைத்துவிட்டுப் போய் நகத்தால் சுரண்டிப் பார்த்தாள். மெழுகு.

போன நவம்பரில், கல்லறைத் திருநாளன்று, அவள் கையாலேயே ஏற்றி வைத்த மெழுகுவர்த்தி உருகி வடிந்த மெழுகு அது. அந்தக் கல்லுக்குக் கீழேதான் அவள் புருஷன் ஏசுதாஸைப் புதைத்திருந்தார்கள். அவர் அங்கேயே கிடக்க, தலைமாட்டுக் கல் மட்டும் லாரி ஏறி முப்பது கிலோமீட்டர் தாண்டி, அவள் கூட்டிப் பெருக்கும் ரிசார்ட்டுக்கு வந்து நிற்கிறது. அவள் மற்றக் கற்களைத் திரும்பிப் பார்த்தாள். இப்போது எல்லாம் தெரிந்தது. முதுகு வளைந்த கல், மேலே இரண்டாகப் பிளந்த கல், சிறுவயதில் சறுக்கி விளையாடிய சரிவுக் கல். சுற்றி நின்றவை எல்லாம் அவள் ஊரான கொளத்துமேட்டின் தாழிமேட்டுக் கற்கள்.

மேனேஜர் பரணிதரன் அந்தப் பக்கம் வந்தான். அவள் கல்லில் கை வைத்து நிற்பதைப் பார்த்து, வேலையைப் பார்க்கச் சொன்னான்.

"சார், இது எங்க ஊரு கல்லு."

"எல்லாக் கல்லும் ஏதோ ஒரு ஊரு கல்லுதாம்மா. புல்ல எடு, கெஸ்ட்டுங்க வர நேரம்."

அவன் போய்விட்டான். எல்லம்மாள் அங்கேயே நின்றாள். ஒன்பது வருஷமாக அந்த ரிசார்ட்டின் தோட்டத்தில் வேலை பார்க்கிறாள். மாமல்லபுரத்திலிருந்து ஈசிஆரில் தெற்கே போனால் சவுக்குத் தோப்புக்குப் பின்னால் மறைந்திருக்கிற இடம். விடியற்காலை முதல் பஸ்ஸில் வந்து, கடற்கரை மணலில் ராத்திரி ஒதுங்கிய குப்பையை வாருவதில் தொடங்கும் வேலை. நேரம் தவறியதில்லை, யாரிடமும் எதிர்த்துப் பேசியதில்லை. நாற்பத்தேழு வயதில், கட்டிக்கொடுத்த மகள் ஷாரோனுக்குப் பாரமாக இல்லாமல் தன் சோற்றைத் தான் சம்பாதிக்கிறோம் என்பதில் அவளுக்கு ஒரு பெருமை உண்டு. அன்று மதியம் அந்தப் பெருமை கசந்தது. அந்த வட்டத்துக்குப் புல் செதுக்கியதே அவள்தான்.

தாழிமேடு எப்படி அவர்களுக்கு இடுகாடு ஆயிற்று என்பது கொளத்துமேட்டில் எல்லாருக்கும் தெரிந்த கதை. திருக்கழுக்குன்றம் தாண்டி உள்ளே போனால் ஏரிக்கரை ஓரமாக ஒரு சரளை மேடு. மேடு முழுக்க வட்ட வட்டமாகக் கற்கள், மண்ணுக்குள் ஆள் உட்காரும் அளவுக்குப் பெரிய பெரிய தாழிகள். எந்தக் காலத்துச் சனங்களோ தங்கள் செத்தவர்களைத் தாழியில் வைத்துப் புதைத்து, மேலே கல் நட்டுவிட்டுப் போயிருந்தார்கள். பேய் மேடு என்று சொல்லி ஊர்க்காரர்கள் அந்தப் பக்கம் மாடுகூட ஓட்டமாட்டார்கள். எல்லம்மாளுக்குப் பதினோரு வயது இருக்கும்போது அவள் அப்பா செத்தார். அப்போது காலனிக்காரர்களின் சுடுகாடு ஏரிக்கு அந்தப் பக்கம் இருந்தது. போகிற வழி ஊர்க்காரர்களின் வயல் வரப்பு. அந்த மழைக்காலத்தில் நடவு போட்டிருக்கிறது, பிணம் போகக்கூடாது என்று வரப்பில் முள்ளை வெட்டிப் போட்டுவிட்டார்கள். ஒன்றரை நாள் பிணம் வீட்டிலேயே கிடந்தது. நாற்றம் எடுக்கத் தொடங்கிய பிறகு, யாருக்கும் வேண்டாத அந்தச் சரளை மேட்டில் கொண்டுபோய்ப் புதைத்தார்கள். அன்றிலிருந்து காலனியில் விழுந்த ஒவ்வொரு சாவும் தாழிமேட்டுக்குத்தான் போயிற்று. கிணறு ஆழப்படுத்தும் வேலையில் மண் சரிந்து செத்த ஏசுதாஸும் அங்கேதான் போனார்.

வேண்டாம் என்று அவர்கள் ஒதுக்கிய இடம். அந்த இடத்தையும் விட்டுவைக்கவில்லையே என்று நினைத்தாள்.

கல் வந்த காரணம் அவளுக்கு முன்பே தெரியும். ஒரு வாரமாக ரிசார்ட்டில் அதே பேச்சுதான். ஜூன் இருபத்தொன்றாம் தேதி வருஷத்திலேயே நீண்ட பகலாம். கிறித்தவம் வருவதற்கு முன்னால் வெள்ளைக்கார நாடுகளில் சூரியனையும் நெருப்பையும் மரத்தையும் கும்பிட்டு வந்த சனங்கள், அந்த நாளை விழாவாகக் கொண்டாடுவார்களாம். முந்தின நாள் சாயங்காலம் கடற்கரையில் பெரிய நெருப்பு மூட்டுவது, தலையில் பூவும் தழையும் வைத்து முடைந்த வளையம் கட்டிக்கொள்வது, கைகோத்து நெருப்பைத் தாண்டுவது, நெருப்பு அணையாமல் விடியும்வரை காத்திருந்து கற்களுக்கு நடுவே சூரியன் எழுவதைப் பார்ப்பது என்று நோட்டீஸ் அடித்திருந்தார்கள். சென்னையிலிருந்தும் வெளிநாடுகளிலிருந்தும் நாற்பது பேர் வருகிறார்கள். நடத்துகிறவள் ரோகிணி. சென்னைக்காரி, ஸ்காட்லாந்தில் ஐந்தாறு வருஷம் இருந்து இதையெல்லாம் கற்றுக்கொண்டு வந்தவள்.

ரெஸ்டாரண்டில் கேப்டனாக இருந்த கடப்பாக்கத்து ஜெரோம் இதைக் கேட்டுச் சிரித்தான். அவர்களைப் பேகன் என்று சொல்வார்களாம். "நம்ம பாட்டன் முப்பாட்டன் மரத்தையும் கல்லையும் கும்பிட்டப்போ அது பாவம்னு சொல்லிகினுதான் வெள்ளக்காரங்க சர்ச்சு கட்டுனாங்க. இப்போ அதையே ரூம் போட்டு வந்து கும்புடுறாங்கக்கா" என்றான். எல்லம்மாளும் அப்போது சிரித்தாள்.

உண்மையைச் சொன்னால் ரோகிணியை அவளுக்குப் பிடித்தும் இருந்தது. பெயர் கேட்டுப் பேசினாள். தும்பையும் வேப்பிலையும் நொச்சியும் எங்கே கிடைக்கும் என்று கேட்டுக்கொண்டாள். வளையம் முடைய உட்கார்ந்தபோது பக்கத்தில் உட்காரச் சொன்னாள். ஜூன் மாதத்தில் சூரியன் கடலில் எந்த இடத்தில் எழும் என்று கேட்டபோது, தினம் அந்த நேரத்துக்கு மணலில் நிற்கிற எல்லம்மாள் துடைப்பத்தை நீட்டி, நேர் கிழக்கு இல்லை, நல்லா வடக்கே தள்ளி அதோ அந்தப் பாறை நுனிக்கு நேராக என்று காட்டினாள். ரோகிணி கையைப் பிடித்துக்கொண்டு நன்றி சொன்னாள். அதனால்தான் மேனேஜர் விரட்டிவிட்டுப் போனதும் எல்லம்மாள் நேராக ரோகிணியிடம் போனாள். இந்த அம்மாளுக்குத் தெரிந்திருக்காது, சொன்னால் புரிந்துகொள்வாள் என்று நம்பினாள்.

ரோகிணி முழுதும் கேட்டாள். கண் கலங்கினாள். வெட்டின கல் வேண்டாம், வெயில் மழை பட்ட பழைய கல்தான் வேண்டும் என்று கான்ட்ராக்டரிடம் சொன்னதாகவும், எங்கிருந்து எடுத்தான் என்று கேட்கவில்லை என்றும் ஒப்புக்கொண்டாள். பிறகு எழுந்துபோய் அந்தக் குட்டைக் கல்லின்மேல் இரண்டு கையையும் வைத்துக் கண்ணை மூடி நின்றாள். கண்ணைத் திறந்தபோது முகம் தெளிந்திருந்தது.

"அவங்க சந்தோஷமா இருக்காங்க எல்லம்மா. இந்த விழாவுக்கு அவங்களா விரும்பித்தான் வந்திருக்காங்க. நான் கேட்டேன்."

எல்லம்மாளுக்கு முதலில் காதில் விழுந்தது சரிதானா என்று சந்தேகம் வந்தது.

"எங்க வூட்டுக்காரர் உயிரோட இருந்தப்பவே கேட்டதுக்குப் பதில் சொல்லமாட்டாரும்மா. செத்து ஒம்போது வருசம் ஆவுது, என்கிட்ட ஒரு வார்த்தை பேசினது கெடையாது. உங்ககிட்ட மட்டும் எப்படிப் பேசினாரு?"

ரோகிணி அதற்குச் சிரித்தாள், அன்பாகத்தான். விழா முடிந்ததும் எல்லாவற்றையும் பேசிக்கொள்ளலாம் என்றாள். அந்த அன்பைத்தான் எல்லம்மாளால் தாங்க முடியவில்லை. பரணிதரன் விரட்டியது பரவாயில்லை என்றிருந்தது.

மறுநாள் அரைநாள் லீவு சொல்லிவிட்டு ஊருக்குப் போனாள். தாழிமேட்டில் ஜேசிபி ஏறி இறங்கிய பல்சக்கரத் தடம் காயாமல் கிடந்தது. கல் இருந்த இடமெல்லாம் குழி. குழிகளைச் சுற்றி உடைந்த தாழி ஓடுகள், கறுப்பும் சிவப்புமாக, மண்ணோடு புரண்டு கிடந்தன. ஏசுதாஸின் தலைமாட்டில் முழங்கால் ஆழத்துக்குப் பள்ளம். நட்டிருந்த மரச்சிலுவை இரண்டு துண்டாகி முள்வேலி ஓரத்தில் கிடந்தது. அப்பாவைப் புதைத்த இடம் எது என்றே அவளால் அடையாளம் காண முடியவில்லை. காலனியில் விசாரித்தாள். எல்லாரும் வேலைக்குப் போயிருந்த பகல் நேரத்தில் லாரி வந்து போயிருக்கிறது. பஞ்சாயத்து வேலைக்குக் கல் எடுக்கிறார்கள் என்று சொன்னதை வீட்டில் இருந்த இரண்டொரு கிழவர்கள் நம்பிவிட்டார்கள். கிராம நிர்வாக அலுவலரிடம் போனால், அது சர்க்காரின் கல்லாங்குத்துப் புறம்போக்கு, உங்கள் பெயரில் இடுகாடு என்று பதிவு எதுவும் இல்லையே, எதை வைத்துப் புகார் எழுதுவது என்று அவளிடமே திருப்பிக் கேட்டார்.

லாரி ஊர்த் தெரு லட்சுமணனுடையது. ஒரு காலத்தில் அவர்கள் வயலில் எல்லம்மாளும் அவள் அம்மாவும் நடவு நட்டார்கள். இப்போது வயலை மனை போட்டு விற்றுவிட்டு அவன் லாரியும் ஜேசிபியும் ஓட்டுகிறான். அவளைவிட எட்டு வயது சின்னவன். என்றாலும் அவன் அவளை நீ என்பான், அவள் அவனை நீங்க என்பாள். அப்படியே பழகியிருந்தது. டீக்கடை முன்னால் அவனைப் பிடித்தாள்.

"கல்லுதான எல்லம்மா" என்றான் அவன். "இது உங்களுதுன்னு அதுல பேரா எழுதிக் கீது?"

"எழுதியிருந்தா அழிச்சிட்டுத் தூக்கியிருப்ப. மொதல்ல பொணம் போற வழிய அடைச்சீங்க. இப்போ பொணத்தையும் நோண்டுறீங்க. நாங்க எங்கதான் சாவுறது, நீயே சொல்லு."

நீ என்று சொன்னதை அவனும் கவனித்தான், டீக்கடையில் உட்கார்ந்திருந்தவர்களும் கவனித்தார்கள். அவன் முகம் கறுத்தது. மரியாதையாகப் பேசு என்றான். அவள் மரியாதையாகத்தான் பேசுகிறேன், இல்லாவிட்டால் வேறு மாதிரி பேசியிருப்பேன் என்று சொல்லிவிட்டு பஸ் பிடிக்கப் போனாள். வேகமாக நடந்தாள். பயத்தால் அல்ல. முப்பத்தாறு வருஷமாகப் பேசாமல் இருந்தோமே என்ற ஆத்திரம்.

காலனியில் சாயங்காலம் கூடிப் பேசினார்கள். மனு கொடுக்கலாம் என்றார்கள் சிலர். கோயில் பாதரைப் பார்க்கலாம் என்றார்கள். ஞாயிற்றுக்கிழமை எல்லாருமாகப் போய் ரிசார்ட் வாசலில் உட்காரலாம் என்று முடிவானது. அது சரிதான். ஆனால் விழா வெள்ளிக்கிழமை தொடங்கி சனிக்கிழமை விடியலில் முடிகிறது. தன் புருஷன் கல்லின்மேல் யாரோ தீவட்டி வைத்து ஆடி முடித்தபிறகு போய் உட்கார்ந்து என்ன பிரயோசனம் என்று எல்லம்மாள் நினைத்தாள், ஆனால் வாய்விட்டுச் சொல்லவில்லை.

வெள்ளிக்கிழமை காலையில் பரணிதரன் அவளை ஆபீசுக்குக் கூப்பிட்டான். லட்சுமணன் போன் செய்திருக்க வேண்டும். கல்லுக்கு முறையாக பில் வாங்கியிருக்கிறோம், ரிசார்ட் பெயரைக் கெடுக்கிற மாதிரி வெளியில் பேசினால் வேலை இருக்காது என்றான். ரெண்டு நாள் வீட்டில் ரெஸ்ட் எடு, திங்கட்கிழமை வா என்றும் சொன்னான். அவள் சரி என்று தலையாட்டிவிட்டு வந்தாள்.

சனிக்கிழமை விடியற்காலை முதல் பஸ்ஸில் எப்போதும்போல வந்து இறங்கினாள். யூனிபார்ம் கோட்டு போடவில்லை. கோயிலுக்குக் கட்டுகிற வெள்ளைப் புடவை கட்டியிருந்தாள். ரிசார்ட் வாசலுக்குப் போகவில்லை, மீனவர்கள் போகிற பாதை வழியாகக் கடற்கரைக்கு இறங்கி மணலில் நடந்தாள். அந்த வழியை யாரும் காவல் காப்பதில்லை, தினம் அவள் குப்பை வாரிக்கொண்டு போகிற வழி.

கிழக்கு வெளுத்திருந்தது. நெருப்பு அடங்கிக் கங்காகக் கிடந்தது, சவுக்குக் கட்டையின் புகை மணலோடு தவழ்ந்தது. நாற்பது பேரும் வெள்ளை உடுத்தி, தலையில் வாடத் தொடங்கிய சாமந்தி வளையத்தோடு கற்களைச் சுற்றிக் கைகோத்து நின்றிருந்தார்கள். நடுக் கல்லின் குழியில் எண்ணெய் ஊற்றித் திரி போட்டிருந்தார்கள். ரோகிணி அதை ஏற்றப் போனாள். எல்லம்மாள் இரண்டு பேர் கோத்திருந்த கைக்குக் கீழே குனிந்து உள்ளே நுழைந்து, ரோகிணிக்கு முன்னால் போய் அந்தக் கல்லைக் கட்டிப்பிடித்து மண்ணில் உட்கார்ந்துவிட்டாள்.

இதுவும் விழாவில் ஒரு பகுதி என்று வந்தவர்கள் நினைத்திருக்க வேண்டும். யாரோ போனைத் தூக்கிப் படம் எடுத்தார்கள். ரோகிணி குனிந்து, இப்போது வேண்டாம், தயவுசெய்து எழுந்திரு என்று கெஞ்சினாள். எல்லம்மாள் எழுந்திருக்கவில்லை. நிமிர்ந்து எல்லாரையும் பார்த்துச் சொன்னாள்:

"இது எங்க வூட்டுக்காரரு தலைமாட்டுக் கல்லு. எங்கப்பன் கல்லு, எங்காளுங்க கல்லு. எங்களக் கேக்காம ஜேசிபி வச்சிப் பேத்துக் கொண்டாந்து கீறாங்க. சமாதியில திருடின கல்ல வச்சிக் கும்புட்டா எந்தச் சாமிக்கு அடுக்கும்?"

வட்டத்தில் நின்ற தலை நரைத்த வெள்ளைக்கார அம்மாள் ஒருத்தி, இவள் என்ன சொல்கிறாள் என்று கேட்டாள். ரோகிணி ஒரு நொடி தடுமாறினாள். அப்புறம் ஆங்கிலத்தில் ஏதோ சொன்னாள். எல்லார் முகமும் மலர்ந்தது. சிலர் மார்பில் கை வைத்து எல்லம்மாளைப் பார்த்துத் தலை குனிந்தார்கள். ஒருத்தி தன் தலையிலிருந்த பூ வளையத்தைக் கழற்றி அவள் தலையில் வைத்தாள்.

எல்லம்மாளுக்கு ஆங்கிலம் தெரியாது. ஆனால், தன் வாயிலிருந்து போன வார்த்தை அவர்களிடம் போய்ச் சேரவில்லை என்று அந்தப் பூவைப் பார்த்ததுமே தெரிந்துவிட்டது. வளையத்தைக் கழற்றி மண்ணில் வைத்தாள். அவ்வளவு அவமானத்தை அவள் அப்பா பிணம் கிடந்த ஒன்றரை நாளில்கூட உணர்ந்ததில்லை. அன்றைக்கு முள் போட்டவர்கள் முள்தான் என்று தெரிந்தே போட்டார்கள்.

அப்போது வட்டத்துக்கு வெளியே, எல்லாருக்கும் சூடாக இஞ்சித் தண்ணீர் கொண்டுவந்து நின்றிருந்த ஜெரோம், தட்டை மணலில் இறக்கி வைத்தான்.

எல்லம்மாள் அவர்களை ஆசீர்வதிப்பதாக ரோகிணி மேடம் சொன்னது உண்மை அல்ல என்று ஆங்கிலத்தில் ஆரம்பித்தான். பிறகு எல்லம்மாள் சொன்னதை வார்த்தைக்கு வார்த்தை சொன்னான். அவள் அங்கே சொல்லாத, முன்பு அவனிடம் சொல்லியிருந்த ஒன்றையும் சேர்த்தான்: நீங்கள் எண்ணெய் ஊற்றியிருக்கிற குழியில்தான் அவள் வருஷா வருஷம் புருஷனுக்கு மெழுகுவர்த்தி ஏற்றுகிறாள்.

நரைத்த அம்மாள் ரோகிணியிடம், நிஜமா என்று கேட்டாள். ரோகிணி அழத் தொடங்கினாள். அந்த அம்மாள் மெதுவாக மண்டியிட்டு உட்கார்ந்து, எல்லம்மாளின் முகத்துக்கு நேராக ஏதோ சொன்னாள். தன் ஊரிலும் இப்படி ஆதிகாலத்துக் கல்வட்டங்கள் உண்டு என்றும், பன்றிப்பட்டி கட்டுவதற்காக அவற்றைப் பெயர்த்தவர்களோடு தான் சண்டை போட்டிருப்பதாகவும், இங்கே வந்து தானே அந்தக் காரியத்துக்கு உடந்தையாகிவிட்டதாகவும் ஜெரோம் தமிழில் சொன்னான். மன்னிப்புக் கேட்கிறாள் என்றான். எல்லம்மாள், கல் திரும்பி வந்தால் போதும் என்று சொல்லச் சொன்னாள்.

அந்த அம்மாள் எழுந்து கற்களுக்கு வெளியே போனாள். அவளைப் பார்த்து இன்னும் சிலர் போனார்கள். எல்லாரும் போகவில்லை. இவ்வளவு தூரம் வந்திருக்கிறோம், கல்லைப் பிறகு திருப்பிக் கொடுத்தால் ஆகாதா, முதலில் சடங்கை முடிக்கலாமே என்று சென்னையிலிருந்து வந்த இரண்டு மூன்று பேர் தர்க்கம் பண்ணினார்கள். அவர்கள் பேசிக்கொண்டிருக்கும்போதே பாறை நுனிக்கு மேல் சூரியன் கிளம்பி ஒரு முழம் ஏறிவிட்டது. அதை யாரும் பார்க்கவில்லை.

பரணிதரன் செக்யூரிட்டியோடு ஓடிவந்தான். எல்லம்மாளின் தோளைப் பிடித்துத் தூக்கப் போனபோது நரைத்த அம்மாள் குறுக்கே வந்து நின்றாள். கை வைத்தால் நடப்பதே வேறு என்பது அவள் நின்ற நிலையிலேயே தெரிந்தது. வெயில் சுள்ளென்று ஏறும்வரை எல்லம்மாள் அந்தக் கல்லை விடவில்லை. எட்டு மணிக்குக் காலனியிலிருந்து ஒரு மினிவேன் நிறைய ஆட்கள் வந்து வாசலில் இறங்கினார்கள். ஜெரோம் போன் போட்டிருந்தான். ஞாயிற்றுக்கிழமைவரை யாரும் காத்திருக்கவில்லை.

அன்றே அவளுக்கும் ஜெரோமுக்கும் வேலை போயிற்று. விருந்தாளிகள் எடுத்த வீடியோ சென்னையில் இருக்கிற ரிசார்ட் முதலாளிவரை போய்ச் சேர, கல்லைக் கொண்டுபோய்ப் போடச் சொல்லி உத்தரவு வந்தது. அப்போதும் மன்னிப்பு என்ற சொல் ரிசார்ட்டில் யார் வாயிலிருந்தும் வரவில்லை, தவறான புரிதல் என்றுதான் சொன்னார்கள். லட்சுமணன் லாரி தர மறுத்துவிட்டான். வேறு லாரி பிடித்து ஏற்ற இரண்டு வாரம் ஆயிற்று. ஏற்றும்போது சரிவுக் கல்லும் பிளந்த கல்லும் உடைந்தன. ஒன்பதுதான் முழுதாக ஊர் வந்து சேர்ந்தது.

எந்தக் கல் எங்கே நின்றது என்பதற்கு எந்தக் காகிதத்திலும் கணக்கில்லை. எல்லம்மாளும் காலனியில் இரண்டு பெண்களும் நினைவிலிருந்து கையைக் காட்டினார்கள். ஒரு கல்லுக்கு மூன்று பேரும் மூன்று இடம் காட்டிச் சண்டை வந்தது. கடைசியில் அதை நடுவில் ஓர் இடத்தில் நட்டார்கள். அன்றைக்கு ரோகிணி வந்திருந்தாள், தனியாக, பஸ்ஸில். தூரத்திலேயே நின்று, கற்களை நடுவதற்கு முன் நிலத்திடம் மன்னிப்புக் கேட்டுச் சின்னதாக ஒரு சடங்கு செய்யட்டுமா என்று கேட்டாள்.

"சடங்கெல்லாம் வேணாம்மா. வந்து இந்தக் கடப்பாரையப் புடிங்க" என்றாள் எல்லம்மாள்.

ரோகிணி பிடித்தாள். மதியத்துக்குள் உள்ளங்கை கொப்புளித்துவிட்டது. எல்லம்மாள் அவளுக்குத் தண்ணீர் கொடுத்தாள், சோறும் போட்டாள். ஆனால் பழையபடி பக்கத்தில் உட்கார்ந்து பேச அவளுக்கு மனம் வரவில்லை.

அத்தோடு முடிந்திருந்தால் நல்லது. அடுத்த மாதம் தொல்லியல் துறை அதிகாரிகள் ஜீப்பில் வந்தார்கள். வீடியோவால் விஷயம் மேலே போயிருந்தது. மேட்டைச் சுற்றி அளந்து, கம்பி வேலி போட்டு, பலகை நட்டார்கள். மூவாயிரம் ஆண்டு பழமையான சின்னம், அத்துமீறி நுழைவதோ தோண்டுவதோ தண்டனைக்குரிய குற்றம் என்று பலகை சொன்னது. ஜேசிபி வந்தபோது எங்கேயோ இருந்த சட்டம், கல் திரும்பி வந்து சேர்ந்ததும் வாசலில் வந்து நின்றுகொண்டது. இனி அங்கே யாரையும் புதைக்கக்கூடாது என்றார்கள். அப்படியானால் காலனியில் சாவு விழுந்தால் எங்கே போவது என்று கேட்டதற்கு, அது வேறு துறை என்றார் ஒருவர்.

எல்லம்மாள் இப்போது அணுபுரத்தில் இரண்டு வீடுகளில் சமையல் வேலை செய்கிறாள். ஜெரோம் மாமல்லபுரத்தில் வேறொரு ஓட்டலில் சேர்ந்துவிட்டான். ஆங்கிலத்தில் எழுத வேண்டிய கடிதம் ஏதாவது இருந்தால் அவன்தான் எழுதித் தருகிறான். திங்கட்கிழமை தோறும் செங்கல்பட்டு கலெக்டர் ஆபீசில் மனு வாங்குகிறார்கள். எல்லம்மாள் வீட்டுக்காரம்மாக்களிடம் சொல்லிவிட்டு அன்றைக்குப் போய்விடுகிறாள். காலனிக்கு இடுகாடு கேட்டு இதுவரை ஆறு மனு. ஆறாவது மனுவை வாங்கிய குமாஸ்தா, போன வாரம்தானே வந்தாய், மறுபடியும் அதேதானா என்று சலித்துக்கொண்டார்.

"அதே இல்ல சார். போன வாரம் எடம் கேட்டேன். இப்போ அந்த எடத்துக்கு வழியும் கேக்குறேன். எழுதிக்கோங்க."

அவர் எழுதும்வரை அவள் மேசைக்கு முன்னாலேயே நின்றாள். பின்னால் வரிசை நீண்டுகொண்டிருந்தது.